மஞ்சள் கோடிட்ட வசனம்

வெர்னா ஸ்டாக்டேலை சீடர் ஃபோர்க் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அப்படிப் பிடிக்காதவர்களில் இருபத்தெட்டுப் பெண்கள், ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை மணிக்கு, தேவாலயத்தின் அடித்தள அறையில் வேதபாடம் கேட்க நோட்டும் பேனாவுமாக அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருஷமாக உட்கார்ந்தார்கள். வராமல் போனால் அடுத்த வாரம் தங்களை வைத்தே பாடம் நடக்குமோ என்ற பயம்தான்.

வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில மலையடிவாரத்து மண்சாலைகளில் பதினொன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றால், பிள்ளைகள் வாயிலிருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். புருஷன் லீலண்ட் மரம் அறுக்கும் ஆலையில் செத்தபோது மகள் ஜோலெட்டாவுக்கு எட்டு வயது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வெர்னா பஸ்ஸை எடுத்துவிட்டாள். அன்றைக்கும் அவள் கண் கலங்கி யாரும் பார்க்கவில்லை.

பதினெட்டு வயதில் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டும், எபிரேயமும் கிரேக்கமும் படிக்க வேண்டும். அப்பா கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பிரசங்க மேடையில ஏற விடாத பொம்பளைக்கு எதுக்குடி எபிரேயம்? அந்தத் தண்ணிக் குழாயைப் பிடி." அவள் குழாயைப் பிடித்தாள். அந்தக் குழாய்த் தண்ணீர் அவள் நெஞ்சுக்குள் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சபைப் பணத்தில் ஒரு ப்ரோக்ராம் வாங்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்க வைத்தவள் அவள்தான். கம்ப்யூட்டர் திரையில் வேத வசனம் இருக்கும். ஒரு சொல்லின்மேல் அம்புக்குறியை வைத்தால், அதற்கு அடியில் கிடக்கும் எபிரேயச் சொல்லோ கிரேக்கச் சொல்லோ ஓர் எண்ணோடு எழுந்து வரும். எண்ணை அமுக்கினால் அதன் பொருள்கள் வரிசையாக நிற்கும். வேதம் முழுக்க அந்தச் சொல் எங்கெங்கே வருகிறதோ அத்தனை இடமும் வரும். மஞ்சள் கோடு போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் குறிப்பு எழுதி வைக்கலாம். சபைக்கு ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். பாஸ்டரும் அதில்தான், வெர்னாவும் அதில்தான். யார் எழுதிய குறிப்பு என்று பெயர் விழாது, தேதி மட்டும் விழும். வீட்டுக் கதவையே பூட்டாத ஊரில் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

காலைச் சுற்று முடிந்து மாலைச் சுற்று தொடங்கும்வரை பஸ்ஸைப் பள்ளிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் படிப்பாள். பக்கத்தில் ஃபிளாஸ்க் காப்பி, மெழுகுத்தாளில் சுற்றிய சாண்ட்விச். ஞாயிறன்று வகுப்பில் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "மூல மொழியில என்ன சொல்லியிருக்குன்னா..." என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. அந்த அறையில் எபிரேய எழுத்து ஒன்றைக்கூடத் தெரிந்தவர்கள் கிடையாது. வெர்னாவுக்கும் தெரியாது. எண்தான் தெரியும். பத்துப் பொருள் வரிசையாக நின்றால் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவாள், சபை விருந்தில் தட்டோடு நிற்பவர்கள் கோழிக்காலை எடுத்துக்கொண்டு பீன்ஸை விட்டுவிட்டுப் போவதுபோல.

அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில்தான் பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் ஜோலெட்டா வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இடது தோளின் காறையெலும்பு முறிந்து, கை கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டுக்குள் கிடந்தது.

மருமகன் டென்னி வாஸ். அவனுடைய அப்பா ஹார்லன் வாஸ் மாட்டுத்தீவனக் கடைக்காரர், சபையின் மூப்பர்களுக்குத் தலைவர். நாலாம் நாள் அவர் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"வெர்னா, பொண்ணை அனுப்பி வை. டென்னி நாலு நாளா சாப்பிடல."

"உன் மகன் சாப்பிட்டா என் மக எலும்பு ஒட்டிக்குமா?"

"படியில விழுந்தேன்னு டாக்டர்கிட்ட அவளேதான் சொல்லியிருக்கா."

"அவங்க இருக்கிறது சக்கரத்து மேல நிக்கிற ட்ரெய்லர் வீடு ஹார்லன். வாசல்ல ரெண்டு கட்டை போட்டிருக்கு. படி எங்க இருக்கு?"

ஹார்லன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வேதத்துல என்ன இருக்குன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நீ. உன் வீட்டுக்கு மட்டும் வேற வேதம் அச்சடிச்சு வச்சிருக்கியா?"

"வெளிய போ."

"போறேன். சபையில பாத்துக்கலாம்."

அடுத்த ஞாயிறே பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டர் டீக் மூன்று வருஷத்துக்கு முன் வந்தவர், முப்பத்து நாலு வயது, அளவாய் வெட்டிய தாடி. மேடையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, பழைய ஏற்பாட்டின் கடைசி ஏடுகளிலிருந்து ஒரு வசனத்தை எடுத்தார். மனைவியைத் தள்ளிவிடுவதைத் தேவன் வெறுக்கிறார் என்று சொல்லும் வசனம். "மூல மொழியில இது சும்மா பிரியறது இல்ல, சகோதரரே. அனுப்பிவிடறது. கைவிடறது. ஓடுற பஸ்ஸை நிறுத்தி, பாதி வழியில புள்ளைய இறக்கிவிடற மாதிரி. புருஷன் செஞ்சாலும் அதுதான், பொஞ்சாதி செஞ்சாலும் அதுதான்." சபை முழுக்கத் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தது. ஜோலெட்டா குனிந்த தலை நிமிரவில்லை.

வெர்னாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று உறுத்தியது. இந்த ஆள் ஜென்மத்தில் பஸ் ஓட்டியதில்லை. இந்த உவமை இவருக்கு எங்கிருந்து வந்தது?

பிரசங்கம் முடிந்ததும் ஹார்லன் எழுந்து அறிவித்தார். வருகிற ஞாயிறு, மதிய விருந்துக்குப் பின் சபை நிர்வாகக் கூட்டம். ஜோலெட்டா வாஸின் பெயரை அங்கத்தினர் புத்தகத்திலிருந்து எடுப்பது பற்றி வாக்கெடுப்பு.

அன்று மாலை சமையலறையில் வெர்னா கொதித்தாள். "எடுத்தா எடுக்கட்டும். இந்தக் கவுண்டியில இருபது சபை இருக்கு. நாம பெந்தெகொஸ்தேக்காரங்ககிட்டப் போயிடலாம்."

"அவங்க ரொட்டியும் திராட்சை ரசமும் யாருக்கும்மா வேணும்?" என்றாள் ஜோலெட்டா. ஒற்றைக் கையால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். "புத்தகத்துல பேர் இல்லாதவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. என் புள்ள கோல்பி பக்கத்துல எனக்கு வச்சிருக்கிற ஆறடியை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. மூணு நாள்தான் அவனைத் தூக்கி வச்சிருந்தேன். அதுக்கப்புறமும் அவன் தனியாவே கிடக்கணுமா?"

அவ்வளவுதான் சொன்னாள். வெர்னா தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள். சத்தத்தில் மற்ற சத்தம் எதுவும் கேட்காமல் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்தாள். டீக்கின் மூல மொழியை வைத்தே டீக்கின் வாயை அடைப்பது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தாள். வசனத்தைத் தேடினாள். வசனத்தின் முன்பாதிக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு. பாஸ்டர் எழுதி வைத்தது இதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

"தள்ளிவிடுதல்: மூல மொழியில் அனுப்பிவிடுதல், கைவிடுதல். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து பிள்ளையை இறக்கிவிடுவது போல. இமோஜீன் திங்கட்கிழமை ராயை விட்டு வந்துவிட்டாள். இந்த ஞாயிறு வகுப்பில் இதை எடுக்கவும். பின்பாதியில் 'கொடுமை' என்று வருகிறது. பிரளயத்துக்கு முன் பூமி எதனால் நிறைந்திருந்தது என்று சொல்லுமிடத்தில் வரும் அதே சொல். ஆடையால் மூடிக்கொள்வது போலக் கொடுமையால் மூடிக்கொள்கிறவனையும் தேவன் அதே மூச்சில் வெறுக்கிறார். சொல்ல வேண்டாம். வகுப்பு அந்தப் பக்கம் போய்விடும்."

தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. எழுதியவள் அவள்தான்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இமோஜீன் ஸ்பார்க்ஸ். அந்த ஞாயிறு பாடம் முடிந்ததும் எழுந்து போய், புருஷன் ராய் வீட்டுக்கே திரும்பிப் போனவள். அந்தக் குளிர்காலம் அவளுடைய இடது காது போயிற்று. காதில் சீழ் வைத்துவிட்டது என்று அவள் சொன்னாள், ஊரும் அப்படியே சொன்னது. வெர்னா ஒரு பாத்திரம் கோழிக்கறி வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ராய் செத்து நாலு வருஷம் ஆகிறது. இமோஜீன் இன்றும் கோயிலில் கடைசி வரிசையில், வலது காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் வெர்னாவோடு ஒரு பேச்சு கிடையாது.

குறிப்பின் மூலையில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. வெர்னா அதை அமுக்கினாள். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வசனத்தின் பின்பாதியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சொன்னால் போதும், டீக் வாயடைத்துப் போவார், வகுப்பும் கையில் இருக்கும். விரல் பொத்தான்மேலேயே நின்றது. பள்ளி மணி அடித்தது. அவள் அழிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மத்தியானம் நூலகத்துக்குப் போய் அந்தக் குறிப்பைக் காகிதத்தில் அச்செடுத்து, நாலாய் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் அதைச் சபையில் படிக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை.

ஞாயிறு விருந்தில் யாரும் அவளுடைய பாத்திரத்தைத் தொடவில்லை. மக்ரோனி மேலே மெல்லிய ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த ஹார்லன் மனைவியின் பெக்கான் பருப்புப் பலகாரத் தட்டு வழித்தெடுத்துக் காலியாகியிருந்தது. மேசைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளைப் போட்டார்கள். பாஸ்டர் டீக் தலைமை. ஹார்லன் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், டென்னியின் சித்தப்பா வழிமொழிந்தார். டென்னி சுவரோரமாக நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

வெர்னா எழுந்தாள்.

"பாஸ்டர், போன வாரம் ஒரு வசனத்தைப் பாதியில வெட்டிட்டீங்க. பின்பாதியையும் இந்த சபை கேக்கணும்." கைப்பையைத் திறக்காமலே சொன்னாள். கொடுமையைப் பற்றிச் சொன்னாள். பிரளயத்தைப் பற்றிச் சொன்னாள். "மூல மொழியில ரெண்டையும் ஒரே மூச்சில சொல்லியிருக்கு. பொண்டாட்டி எலும்பை முறிச்சவனை விட்டுட்டு, முறிஞ்சவ பேரை அடிக்கிறது எந்த மொழியில நியாயம்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இரண்டு மூன்று பெண்கள் தலையாட்டினார்கள். ஹார்லன் மெதுவாக எழுந்தார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் எழுவார்.

"சிஸ்டர் வெர்னா, ஒண்ணு கேக்கறேன். இந்த வசனத்தை நீயே கீழ்த்தளத்துல நடத்தியிருக்க. என் பொஞ்சாதி வகுப்புல இருந்தா, நோட்டுல எழுதி வச்சிருக்கா. அந்த நோட்டுல இந்தப் பின்பாதி இல்ல. அன்னைக்கு இல்லாதது இன்னைக்கு எங்கிருந்து முளைச்சுது? உன் மகளுக்குன்னு வந்ததும் வேதத்துல புதுசா ஒரு வரி சேந்துடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். தலையாட்டிய பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பாஸ்டர் டீக் தொண்டையைக் கனைத்தார். "அன்புள்ளவங்க நாம. ஆனா தாயோட பாசம் வேற, வியாக்கியானம் வேற. கையைத் தூக்கச் சொல்லலாமா?"

வெர்னா மகளைப் பார்த்தாள். ஜோலெட்டா ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சரிவில் கற்கள் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் முழங்கால் உயரம்கூட இல்லை.

வெர்னா கைப்பையைத் திறந்தாள்.

"புதுசா சேரல ஹார்லன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தேதியோட இருக்கு."

படித்தாள். பஸ் உவமை வந்தபோது எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். டீக்கின் தாடிக்கு மேலே முகம் சிவந்தது. "மேல ரெண்டு வரிதான் பாத்தேன், அது யாரோ ஒரு பண்டிதர் எழுதினதுன்னு நினைச்சேன்" என்று முனகினார். வெர்னா நிறுத்தவில்லை. இமோஜீன் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் தாழ்ந்து போயிற்று.

"சத்தமா படி." கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. இமோஜீன் எழுந்து நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, சாம்பல் நிற ஸ்வெட்டர். "எனக்கு ஒரு பக்கம் கேக்காது. ஏன்னு உனக்குத் தெரியும். முதல்லேருந்து படி."

வெர்னா முதலிலிருந்து படித்தாள்.

"கடைசி ரெண்டு வரி இன்னொரு தடவை."

"சொல்ல வேண்டாம்," என்று வெர்னா படித்தாள். "வகுப்பு அந்தப் பக்கம் போய்விடும்."

"அப்போ தெரிஞ்சேதான் மறைச்சே."

"ஆமா."

"நான் அந்த வகுப்புலேருந்து நேரா அவன் வீட்டுக்குத்தான் போனேன், வெர்னா. கார்ல போகும்போது ஜெபம் பண்ணிக்கிட்டே போனேன். தேவன் வெறுக்கிற காரியத்தைப் பண்ணிட்டேனேன்னு அழுதேன். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன் அவன்கிட்ட. நீ கோழிக்கறி கொண்டு வந்தியே, அதை நாய்க்குப் போட்டேன்."

ஹார்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ உக்காரு ஹார்லன்," என்றாள் இமோஜீன், அவர் பக்கம் திரும்பாமலே. "ராயோட சவப்பெட்டியைத் தூக்கினவன் நீ. நல்ல மனுஷன்னு பேசினவன் நீ. என் காதைப் பத்தி அன்னைக்கும் கேக்கல. இப்போ உன் மகன் சுவத்தோரம் நிக்கிறான், அவனையும் கேக்க மாட்டே. பாஸ்டர், வாக்கெடுப்பை நடத்துங்க."

நடத்தினார்கள். பெயரை எடுக்க வேண்டும் என்று இருபத்தாறு கைகள். கூடாது என்று முப்பத்தொன்று. அடித்தள வகுப்பின் நோட்டுக்காரிகள் பாதிப் பேர், புருஷன்மார் முறைக்க முறைக்க, கையைத் தூக்கினார்கள். இமோஜீனின் கை முதலில் எழுந்து கடைசியில்தான் இறங்கியது. டென்னி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெர்னா கடைசி வரிசைக்கு நடந்தாள். "இமோஜீன்..."

"என்கிட்ட வராதே. அந்தப் பொண்ணுக்காகத் தூக்கின கை அது. உனக்கு இல்ல. உன்னை மன்னிச்சுட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே, நான் மன்னிக்கல." பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள். "பாஸ்டர், இன்னொரு தீர்மானம். வெர்னா ஸ்டாக்டேல் இனிமே இந்த சபையில பாடம் எடுக்கக் கூடாது. யாராவது வழிமொழியுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்துப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? சபை விதிப்படி, வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். டீக் சுற்றும் முற்றும் பார்த்தார். புத்தகத்தை மூடப் போனார்.

"நான் வழிமொழியறேன்," என்றாள் வெர்னா.

"சிஸ்டர், அது உங்களைப் பத்தின..."

"விதியில தடையில்ல பாஸ்டர். அந்த விதியை டைப் அடிச்சதே நான்தான்."

அந்தத் தீர்மானத்துக்கு எதிராக ஒரு கைகூட எழவில்லை. வெர்னா தன் கையைத் தூக்கிவிட்டு இறக்கினாள். பத்து விநாடியில் முடிந்தது. கோழிக்கூண்டுக் காலத்திலிருந்து சேர்த்து வைத்தது, சபைக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒற்றை வரியாய் ஏறியது. தொடாத மக்ரோனிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

ஜோலெட்டா கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். முட்டி போட்டு, நல்ல கையால் கோல்பியின் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வெர்னா சரிவில் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள். நன்றி என்றுகூட எதிர்பார்த்தாள், பாவம்.

"அந்த வகுப்புல நானும் இருந்தேம்மா," என்றாள் ஜோலெட்டா, நிமிராமல். "பத்தொன்பது வயசு. ரெண்டாம் வரிசை. டென்னி மோதிரம் போட்டு ஒரு மாசம்."

வெர்னாவுக்குக் கையிலிருந்த பாத்திரம் கனத்தது.

"முதல் தடவை அவன் அடிச்சப்போ உன் குரல்தான் கேட்டுச்சு. பாதி வழியில இறக்கிவிடற மாதிரின்னு. அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. எட்டு வருஷம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி."

"உங்கிட்டயா?"

காற்று மேலே தேவதாருக்களில் உரசிப் போயிற்று. வெர்னா பாத்திரத்தைப் புல்மேல் வைத்தாள். அழுகை வந்தது. அறுபத்தோரு வயதில், ஊர் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டைகூட இல்லாமல் அழுதாள். ஜோலெட்டா எழுந்து வந்து அணைக்கவில்லை. புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து, கல்லின் மறுபக்கத்தை மோவாயால் காட்டினாள்.

"அந்தப் பக்கம் என் கை எட்டல."

வெர்னா ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு ஈர மண்ணில் முட்டி போட்டாள்.